பர்ன்ஸ் கிளப்: தமிழில் என்னவென்று சொல்வது?

'கிளப்' என்றதும் பழைய ஆட்களுக்குக் காபி கிளப் நினைவுக்கு வரும், மற்றவர்களுக்குச் சீட்டாடும் இடம். அரசாங்கத் தமிழில் அது மனமகிழ் மன்றம். ஆகவே 'பர்ன்ஸ் கிளப்' என்பதை அப்படியே எழுதினால், பர்ன்ஸ் என்று யாரோ ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை என்றுதான் தோன்றும்.

ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்தின் தேசியக் கவி. 1759 ஜனவரி 25 அன்று ஆலோவேயில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். 1796இல், 37 வயதில், இறந்தார். அவரைக் கொண்டாடக் கூடும் சங்கந்தான் பர்ன்ஸ் கிளப். 1801இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தில் தொடங்கிய முதல் கிளப்பைத் தாய்ச் சங்கம் என்கிறார்கள். தாய்க்கே பிள்ளையின் பிறந்தநாள் தெரியவில்லை. ஜனவரி 29 என்று நினைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் 1803இல் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

கப்பலேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் போன இடமெல்லாம் இந்தச் சங்கத்தையும் கொண்டுபோனார்கள். நியூசிலாந்தின் டனீடின் நல்ல உதாரணம். ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கு அந்நாட்டின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர்தான் அந்த ஊருக்கு. 1848இல் அங்கே குடியேறியவர்களுக்குப் பாதிரியாராகப் போனவர் கவிஞரின் தம்பி மகன் தாமஸ் பர்ன்ஸ். 1887இல் ஊர் நடுவே கவிஞருக்குச் சிலை வைத்தார்கள், 1891இல் சங்கம் வந்தது. சிலை தேவாலயத்துக்கு முதுகையும் மதுக்கடைக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்திருக்கிறது என்பது உள்ளூர்க் கேலி.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கிளப்' வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் தடி, அதாவது முனை திரண்ட தடி. ஆட்கள் ஓரிடத்தில் திரள்வதற்கும் அதுவே ஆகிவந்தது என்பார்கள். தமிழில் மன்றம், சங்கம், கழகம் மூன்றும் பொருந்தும். என் ஓட்டு கழகத்துக்கு. ஒரு கவிஞனை நடுவில் வைத்து ஆண்டுதோறும் கூடுவதற்குக் காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் வைத்த பெயர் கம்பன் கழகம். இதுவும் அதே காரியந்தான். இன்னொரு வேடிக்கை: 'கழகத்துக் காலை புகின்' என்ற குறளில் கழகம் சூதாடும் இடம். சீட்டாட்ட கிளப்புக்கு அது தூரத்து உறவில்லை!

வெளிநாடுகளில் காணும் 'கலிடோனியன் சொசைட்டி' கவிஞர் பெயரில் அமைந்ததல்ல. கலிடோனியா என்பது வட பிரிட்டனுக்கு ரோமானியர் வைத்த பெயர், எனவே ஸ்காட்லாந்தியர் சங்கம் என்றால் போதும். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துக் கலிடோனியா தோட்டத்துக்குப் பெயர் வந்ததும் இந்தச் சொல்லிலிருந்துதான்.

கவிஞரின் பிறந்தநாளை ஒட்டி நடக்கும் 'பர்ன்ஸ் சப்பர்' என்பதைப் பர்ன்ஸ் விருந்து எனலாம். பைப் வாத்தியம் முன்னே ஊதிவர, தட்டில் ஹாகிஸ் வரும். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்போடு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைத்தது. அதை வாழ்த்திப் பர்ன்ஸ் எழுதிய கவிதையை ஒருவர் சொல்வார். கத்தி பற்றிய அடி வந்ததும் குத்திக் கீறுவார், ஆவி பறக்கும். ஹாகிஸை ஹாகிஸ் என்றே எழுதலாம். குடல் குழம்பு என்று பெயர்த்தால், நாம் இட்லியை வைத்துக்கொண்டு காத்திருப்போம்.