‘மயக்கமா வருது டாக்டரம்மா’

பாம்பன் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணி. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண், சீட்டை நீட்டியபடி சொல்கிறார்: “மயக்கமா வருது டாக்டரம்மா. தடைக்காலம் முடிஞ்சதுல இருந்தே இப்படித்தான்.”

மருத்துவர் தலை நிமிரவில்லை. சீட்டில் எழுத வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கணினியில் மறுபடி தட்ட வேண்டும். வாசல் வரை வரிசை நிற்கிறது. ‘மயக்கம்’ என்ற ஒரு சொல் மட்டும் சீட்டில் விழுகிறது. கூடவே ஒரு சத்து மாத்திரை.

ராமேஸ்வரம் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விலை கூவுபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர். கூவுகிறவரே எழுதவும் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவரிடம் மட்டும் அப்படித்தான் கேட்கிறோம்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர்கள் நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டது. நம்மிடம் அந்த ஆடம்பரமும் இல்லை. பல நாடுகளின் மருத்துவ ஆலோசனை நேரத்தைத் திரட்டிய 2017 ஆய்வில் ஸ்வீடனுக்கு 22.5 நிமிடம், வங்கதேசத்துக்கு 48 வினாடி. இந்தியாவுக்குச் சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குள்தான் எழுத்து வேலையும்.

அமெரிக்க மருத்துவமனைகள் இதற்குக் கண்ட வழி ஸ்கிரைப். பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வெழுத உட்காருபவரை நாம் அழைக்கும் அதே பெயர்தான். மருத்துவம் படிக்க விரும்பும் இளைஞர்கள் பலர் அந்த வேலைக்குப் போகிறார்கள். மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு அங்கேயே குறிப்பாக்குவார்கள். நோயைக் கணிப்பதும் மருந்து முடிவு செய்வதும் மருத்துவர் வேலை, கையெழுத்தும் அவருடையது. இதற்கும் முந்தைய ஒரு கதையில் நமக்கும் பங்குண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மருத்துவர்கள் பேசி அனுப்பிய ஒலிப்பதிவுகளைச் சென்னையில் நம் பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்தார்கள். அப்போதும் நம் மாவட்டத்து டாக்டர் தன் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்!

இப்போது அந்த நாற்காலியில் இயந்திரம் வந்து உட்கார்கிறது. மேசைமேல் ஒரு கைபேசி போதும். மைக் நம் பேச்சை வினாடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்கும். அந்த எண்கள் 25 மில்லிவினாடி அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற படமாக மாறும். லட்சக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகிய நிரல் அந்தப் படத்தைச் சொற்களாக்கும். பேசியது மருத்துவரா, நோயாளியா என்பதைக் குரலை வைத்துப் பிரிக்க இன்னொரு நிரல். கடைசியாக, ‘மொழி மாதிரி’ (language model) எனப்படும், எழுதப் பழகிய ஒரு நிரல் அந்த உரையாடலைக் குறிப்பாகச் சுருக்கும். குறிப்பின் வடிவம் பழையது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் வகுத்த முறையிலிருந்து வந்தது: நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, கணிப்பு, அடுத்துச் செய்ய வேண்டியது. மருத்துவர் படித்துப் பார்த்துத் திருத்தி ஒப்புக்கொண்டால் பதிவாகும்.

கேட்க நன்றாக இருக்கிறது. பாம்பன் காற்றிலும், தடதடக்கும் மின்விசிறிக்கடியிலும், ஒரே மேசையைச் சுற்றி நாலு பேர் பேசும் அறையிலும் இது தடுமாறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட ஆழமான சிக்கல் நம் பேச்சில் இருக்கிறது.

“சக்கரை இருக்கா?” என்று கேட்டால் நம் ஆட்கள் ‘ப்ச்’ என்பார்கள். ‘இல்லை’ என்பதற்கு அதைவிடச் சுருக்கமான தமிழ் கிடையாது. இயந்திரத்துக்கு அது வெறும் இரைச்சலாகப் படலாம். தலையாட்டினால் அதுவும் போச்சு. “இங்கதான்” என்று விலாவைத் தொட்டுக் காட்டினாலும் போச்சு. அதனால்தான் இந்தக் கருவியைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் கண்ணால் கண்டதையும் வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறார்கள்: “வலது விலாவுக்குக் கீழ வலி, சரியாம்மா?” எனக்கு இது பிடித்திருக்கிறது. தன் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன நினைக்கிறார் என்று நோயாளி காதாலேயே கேட்பது நம் ஊரில் அரிது.

மௌனம் இன்னொரு ஆபத்து. இந்த நிரல்கள் அடுத்து வர வாய்ப்புள்ள சொல் எது என்று ஊகித்தே வேலை செய்கின்றன. பேச்சு நடுவில் நீளமாக நின்றால், அந்த இடைவெளியை யாரும் சொல்லாத வாக்கியத்தால் நிரப்பிவிடக்கூடும். பிரபலமான ஒரு பேச்சறி நிரலைச் சோதித்த 2024 ஆய்வில், சுமார் நூறு ஒலித்துண்டுக்கு ஒன்றில் இப்படி இட்டுக்கட்டிய சொற்றொடர்கள் இருந்தன. பேசும்போது அடிக்கடி தயங்கி நிற்கும், பேச்சுத்திறன் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளில் அது கூடுதல். நூற்றுக்கு ஒன்று சின்ன எண்தான். நம் சீட்டில் விழும்வரை.

இப்போது அந்தப் பாசிக்காரப் பெண்ணுக்குத் திரும்புவோம். ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்பி விழுவதா? மூன்றும் மூன்று வெவ்வேறு வழியில் மருத்துவரை இழுத்துப்போகும் சொற்கள். இயந்திரம் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சந்தேகத்தின் சுவடே இல்லாமல் அழகாக எழுதிவிடும். ‘தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து’ என்பதை ஊர்க்கதை என்று ஒதுக்கினாலும் ஒதுக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பது இங்கே பிறந்த பிள்ளைக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும்.

அப்படியானால் உள்ளூர்ப் பெண் ஒருவரையே ஸ்கிரைப் ஆக்கிவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஊர் சின்னது. காசநோய் என்றோ, கல்யாணமாகாத பிள்ளைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றோ சொல்ல வந்தவர், மூலையில் பக்கத்துத் தெருக்காரி எழுதிக்கொண்டிருந்தால் வாயைத் திறப்பாரா? அந்த இடத்தில் இயந்திரமே மேல், அதன் ஒலிப்பதிவு எங்கே போகிறது, எப்போது அழிகிறது என்று நோயாளிக்குச் சொல்லி ஒப்புதல் வாங்கினால். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் நிறைவேறிவிட்டது. மற்ற நேரத்தில் இயந்திரம் வரைவு எழுத, ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் அதைச் சரிபார்ப்பதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் என்று படுகிறது.

எப்படியோ, மருத்துவரின் கை பேனாவை விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து பார்க்கிறார்.

“மயக்கம்னா எப்படிம்மா? விழுந்துட்டீங்களா?”

“விழுகல டாக்டரம்மா. தண்ணிக்குள்ள இருந்து மேல வரும்போது தலை கிர்ருனு சுத்துது. காதும் அடைக்குது.”

“தடைக்காலத்துல கடல்ல இறங்கலையா?”

“ப்ச்.”

மூழ்கி மேலே வரும்போது இரண்டு காதிலும் அழுத்தம் ஒரேபோல் சமன்படாவிட்டால் தலை சுற்றும். மருத்துவர் சத்து மாத்திரைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, காது பார்க்கும் கருவியை எடுக்கிறார்.