பேட்டன்ட்: காப்புரிமையா, காப்புரிமமா, பட்டயமா?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ‘பேட்டன்ட்’ என்ற சொல் படித்தவர் படிக்காதவர் எல்லார் வாயிலும் புழங்குகிறது. “மட்டிப் பழத்துக்குப் பேட்டன்ட் கெடச்சாச்சு” என்று 2023-இல் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு அப்போது கிடைத்தது புவிசார் குறியீடு. ஒரு மண்ணில் விளையும் பொருளின் பெயரை வேறு ஊரார் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது அது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குத் தருவது பேட்டன்ட். இரண்டும் வேறு வேறு சட்டம்.

சித்த, ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போனால் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள். அங்கே ‘பேட்டன்ட் மருந்து’ என்றால், பழைய நூல்களில் உள்ள மூலிகைகளையே கொண்டு, ஆனால் அந்நூல்களில் இல்லாத கூட்டில், ஒரு நிறுவனம் தானே செய்துகொண்ட மருந்து. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமே ‘பேட்டன்ட் அல்லது புரொப்ரைட்டரி மருந்து’ என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் புட்டியில் இருப்பதற்குப் பேட்டன்ட் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் இருக்காது.

இப்படிப் பல இடங்களில் கேட்டுக் கேட்டு நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் படிந்துவிட்டது: ‘கவர்மென்டு பாஸாக்கின சாதனம்’. அதாவது, அரசு பார்த்து, நல்லது என்று சொல்லி, விற்க விட்ட பொருள். இந்த அர்த்தம் முழுத் தவறு. தமிழில் இதற்கு வைக்கும் சொல்லும் அந்தத் தவறுக்குத் துணைபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேர் இலத்தீன். ‘பதேரே’ என்றால் திறந்து கிடத்தல். இடைக்கால ஐரோப்பிய அரசர்கள் இரண்டு வகையாகக் கடிதம் விடுத்தார்கள். ஒன்று மடித்து, முத்திரையை உடைத்தால்தான் படிக்க முடியும்படி மூடியது. அது ஒருவருக்கு மட்டும். மற்றது விரித்த ஏடு. முத்திரை அடியில் தொங்கும். உடைக்காமலே யாரும் படிக்கலாம். இரண்டாவதுக்கு ‘லிட்டரே பதென்தெஸ்’, திறந்த மடல்கள், என்று பெயர். பதவி, நிலம், வணிக உரிமை எல்லாவற்றையும் அதில்தான் கொடுத்தார்கள். இன்னாருக்கு இந்த உரிமை என்று ஊருக்கே அறிவிப்பதுதான் அந்த மடலின் வேலை. ஆகவே அது மூடியிருந்து பயனில்லை. 1449-இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி, வண்ணக் கண்ணாடி செய்யும் உட்டினம் ஜான் என்பவருக்கு 20 ஆண்டு தனியுரிமை கொடுத்தது இப்படி ஒரு திறந்த மடலில். 1474-இல் வெனிஸ் நகரம் புதுக் கருவி செய்வோருக்கென்றே சட்டம் எழுதியது. 1624-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அரசரின் தனியுரிமைக் கொடைகளை ஒடுக்கியபோது, புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் 14 ஆண்டு என்று விட்டுவைத்தது. மடல் போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

மூடிய ஓலைக்குப் பழந்தமிழில் ‘முடங்கல்’ என்று சொல் உண்டு, சுருட்டி இலச்சினையிட்டது. திறந்த மடலுக்கு இணை தேடினால் கொல்லத்துக்குப் போக வேண்டும். கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வேணாட்டு ஐயனடிகள் அங்கிருந்த கிறித்தவப் பள்ளிக்கும் (தேவாலயத்துக்கும்) வணிகக் குழுக்களுக்கும் நிலமும் வரி விலக்கும் சிறப்புரிமைகளும் கொடுக்கிறார். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்கள் அதில் வருகின்றன. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகத்தின் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. பல தேசத்து வணிகரும் பார்க்க, செம்பில் வெட்டிக் கொடுத்த உரிமை. ‘திறந்த மடல்’ என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. இத்தகைய ஏட்டைத்தான் ‘பட்டயம்’ என்றார்கள்.

அப்படியானால் பேட்டன்டைப் ‘பட்டயம்’ என்றே சொல்லிவிடலாமே? பொருளளவில் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு–கேரள எல்லையின் இந்தப் பக்கத்தில் பாலிடெக்னிக் படித்தவருக்குப் பட்டயம் என்றால் டிப்ளமோ. அந்தப் பக்கத்தில் நிலத்துக்கு அரசு கொடுக்கும் உரிமைச் சான்று. இடுக்கியில் ‘பட்டயமேளா’ நடத்தியே கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிறித்தவக் கோயிலில் வேதம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவருக்குப் பட்டயம் என்றால் வாள். இத்தனை பாரத்தோடு நான்காவதாக ஒன்றையும் அதன் தலையில் ஏற்றினால் சொல் தாங்காது.

சரி, உரிமையின் உள்ளடக்கம் என்ன? இந்தியாவில் இப்போது நடப்பது 1970-ஆம் ஆண்டின் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்தது. (முதல் சட்டம் 1856-இல் வந்தது. அதன்கீழ் கல்கத்தாவில் டிபென்னிங் என்பவர் பங்கா இழுக்கும் பொறிக்கு விண்ணப்பித்தார். விசிறி இழுக்க ஆள் வைத்திருந்த காலம்.) கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பை, அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துத் தானே செய்து பார்க்கும் அளவுக்கு ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், தன் அனுமதி இல்லாமல் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமை அவருக்கு. தடுக்கும் உரிமை மட்டும்தான். தானே செய்து விற்பதற்கான அனுமதி அதில் இல்லை. அதற்கு வேறு சட்டங்களின் வாசலில் நிற்க வேண்டும்.

மின் சிகரெட் போன்ற மின் ஆவியாக்கியை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும்.

‘வேப்பரைசர்’ என்ற சொல் நம் வீட்டுக்குள் முன்பே வந்துவிட்டது. சளிக்கு ஆவி பிடிக்க மருந்துக்கடையில் வாங்கும் மிஷின் வேப்பரைசர். கொசுவுக்குச் சுவரில் செருகும் திரவப் புட்டியின் அட்டையிலும் அந்தச் சொல் இருக்கிறது. ‘ஆவி’ தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. நீராவி, மூச்சு, உயிர் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே ‘ஆவியாக்கி’ என்பது எல்லையின் இருபுறமும் விளங்கும் நல்ல சொல். மின் சிகரெட் எழுப்புவது கறாராகச் சொன்னால் ஆவி அல்ல. சூட்டில் ஆவியான திரவம் காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மிதப்பது. அதனால்தான் பேட்டன்ட் ஆவணங்களில் ‘ஏரோசால்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘நுண்துளிப் புகை’ என்றால் ஏமாற்றாது.

அந்தக் கொசுமருந்து மிஷினைக் கழற்றிப் பாருங்கள். புட்டியில் திரவம்; அதில் முங்கி நிற்கும் திரி; திரியின் மேல்நுனியைச் சுற்றிச் சூடாகும் வளையம்; வளையத்துக்கு மின்சாரம். மின் சிகரெட்டில் இருப்பதும் அடிப்படையில் இவைதான்: திரவத் தொட்டி, திரி, சூடேறும் கம்பிச்சுருள், பேட்டரி. கூடுதலாக, இழுக்கும் மூச்சை உணர்ந்து சுருளை இயக்கும் உணரி. இப்போது ஒருவர் புதிய மின் ஆவியாக்கியோடு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். “திரவத்தைத் திரியால் ஏற்றிச் சூடாக்கும் கருவி” என்று உரிமை கோரினால், கொசுமருந்து மிஷின் ஒன்றே அதைச் சாய்க்கப் போதும். “வாயில் வைத்து இழுக்கும் மின்கருவி” என்று சேர்த்தாலும் நிற்காது. அமெரிக்காவில் ஜோசப் ராபின்சனின் மின் ஆவியாக்கிக்கு 1930-இலேயே பேட்டன்ட் உண்டு. ஹெர்பர்ட் கில்பர்ட்டின் புகையற்ற சிகரெட்டுக்கு 1965-இல் கிடைத்தது. இன்று உலகம் பார்க்கும் மின் சிகரெட்டுக்குத் தொடக்கமான சீன மருந்தாளுநர் ஹோன் லிக்கின் விண்ணப்பம் 2003. அந்தப் பழைய உரிமைகள் காலாவதியாகியிருக்கலாம். அந்த ஏடுகள் காலாவதியாவதில்லை. ‘இது ஏற்கெனவே தெரிந்தது’ என்று சொல்ல அவை என்றைக்கும் சாட்சி. விண்ணப்பதாரர் தன் கோரிக்கையைச் சுருக்கிச் சுருக்கி, திரியின் ஒரு வளைவு, காற்றுப்பாதையின் ஒரு துளை என்று எங்கே தான் உண்மையிலேயே புதிதாகச் செய்திருக்கிறாரோ அங்கே வந்து நிற்க வேண்டும்.

இந்தத் தேடலுக்கும் தீர்ப்புக்கும் தமிழில் என்ன பெயர்? ‘பேட்டன்ட் பரிசோதனை’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எல்லையில் இருப்பவருக்கு இது உடனே இடிக்கும். கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர் ‘பரிசோதன’ என்றால் பையைத் திறந்து பார்ப்பது. நாம் ‘பரிசோதனை’ என்றால் இரத்தமோ தண்ணீரோ கொடுத்துக் கூடத்தில் பார்ப்பது. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் அதே சொல் ஆராய்ச்சி. தமிழில் அந்தச் சொல்லைப் போட்டால், கருவியை யாரோ இயக்கி, அதன் நுண்துளியை அளந்து, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று கண்டதாகப் படிப்பவர் நினைப்பார். அப்படி எதுவும் நடப்பதில்லை. நடப்பது பெரும்பாலும் காகிதத்தின் மேல். கோரிக்கை புதியதா, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா என்பதே கேள்வி. ஆகவே ‘தகுதி ஆய்வு’ என்பதே சரி, செய்பவர் ‘ஆய்வர்’.

களியக்காவிளைக்காரரும் பாறசாலைக்காரரும் விண்ணப்பிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் எல்லாம் அதன் எல்லைக்குள். விண்ணப்பம் 18 மாதத்துக்குப் பின் இதழில் வெளியாகும். ஆய்வு தானாக நடக்காது, கேட்க வேண்டும். முன்பு அதற்கு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024-இல் விதியை மாற்றி 31 மாதம் ஆக்கிவிட்டார்கள். தவறவிட்டால் விண்ணப்பமே திரும்பப் பெற்றதாகிவிடும். ஆய்வர் முதல் ஆய்வறிக்கையில் ஆட்சேபங்களை எழுதுவார். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதழில் வெளியானது முதல் உரிமை வழங்கும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். திறந்த மடலின் குணம் இன்னும் மிச்சமிருப்பது இங்கேதான்.

மின் சிகரெட்டுக்கு இங்கே ஒரு கூடுதல் முடிச்சு. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும், பிறகு நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த தடையின்படி அதைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய, சேமித்து வைக்கக்கூட இந்தியாவில் அனுமதி இல்லை. முதல்முறை விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியிருக்க அதற்குப் பேட்டன்ட் கேட்க முடியுமா? கேட்கலாம். பேட்டன்ட் சட்டம் 3(பி) பிரிவு, பொது ஒழுங்குக்கோ ஒழுக்கத்துக்கோ மாறானவை, மனிதர், விலங்கு, பயிர், சுற்றுச்சூழலுக்குக் கடும் கேடு செய்பவை ஆகியவற்றை விலக்குகிறது. ஆய்வர் அதைக் காட்டி மறுக்கலாம். ஆனால் 1998-இல் இந்தியா சேர்ந்த பாரிஸ் ஒப்பந்தம், உள்நாட்டுச் சட்டம் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்காக மட்டும் பேட்டன்டை மறுக்கக் கூடாது என்கிறது. ஐடிசி நிறுவனத்தின் நுண்துளி எழுப்பும் சூடேற்றிக்கான விண்ணப்பம் 3(பி)-இன் கீழ் மறுக்கப்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் அந்த ஆணையை நீக்கி, மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பேட்டன்ட் பெறுவது விற்கும் உரிமை ஆகாது என்பது அத்தீர்ப்பின் அடிநாதம். என் மனம் தடையின் பக்கம்தான். பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள் பேனா போல நுழையும் பொருள் அது. ஆனாலும் நீதிமன்றம் சொன்ன வேறுபாடு சரியானது. விற்பனையை நிறுத்துவது தடைச் சட்டத்தின் வேலை.

கருவியின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் உரிமை கேட்டால் அது பேட்டன்டே அல்ல. 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, கண்ணுக்குப் படும் உருவம், கோடு, நிறக்கூட்டு இவற்றுக்குப் பதிவு. 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. ‘வடிவமைப்பு’ என்றால் உள்ளே இயங்கும் அமைப்பும் சேர்ந்து தோன்றுவதால், ‘தோற்றவடிவம்’ என்று எழுதுவது நல்லது.

இனி, சொல்லுக்கு வருவோம். ‘காப்புரிமம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். உரிமம் என்றால் லைசென்ஸ். ஓட்டுநர் உரிமம், கட்டட உரிமம் எல்லாமே ‘செய்துகொள்’ என்ற அனுமதி. பேட்டன்டில் இல்லாத ஒன்றைச் சொல்லிலேயே நுழைத்துவிடும். ஆகவே அது வேண்டாம். ‘காப்புரிமை’ நாளிதழ்களில் ஊன்றிவிட்ட சொல். அதில் ‘உரிமை’ என்பது சரி. ‘காப்பு’ என்பதும் பிறர் கை படாமல் காப்பது என்று கொண்டால் சரி. குறை ஒன்றுதான்: காப்பிரைட்டுக்கும் அதையே போடுகிறார்கள். அதற்குப் ‘பதிப்புரிமை’ இருக்கும்போது இந்தக் கலப்படம் தேவையே இல்லை. சட்டம், ஒப்பந்தம், செய்தி என்று துல்லியம் வேண்டிய இடத்தில் ‘புத்தாக்கக் காப்புரிமை’. முதல்முறை முழுதாகச் சொன்ன பிறகு ‘காப்புரிமை’. பேச்சில் ‘பேட்டன்ட்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினிலோ வேறெதிலோ ‘பேட்டன்ட் பென்டிங்’ என்று ஒட்டியிருந்தால் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்று படிக்க வேண்டும். நகலெடுத்தவர் மேல் வழக்குப் போட விண்ணப்பித்தவருக்கு இன்னும் அதிகாரம் வரவில்லை. உரிமை கிடைக்காமலே ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சிட்டால் தண்டம் உண்டு. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று அதை மொழிபெயர்ப்பது எந்த நிலையிலும் பிழை.