கைத்தூய்மியும் கித்தா பாலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பசியாறப் போகும் ஒட்டுக்கடையில், 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வைத்த, ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிப் (சானிடைசர்) போத்தலை இன்றும் நிரப்பி வைக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிவிட்டு வருகிறவர்கள் மண்ணும் எண்ணெயும் அப்பிய கையில் அதை ஓர் அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு ரொட்டி சானாய் பிய்க்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. மருந்து நல்ல மருந்துதான். அந்தக் கையில் அது சரியாக வேலை செய்யாது.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். மங்கில் வடியும் கித்தா பால் தண்ணீராக ஓடுவதற்குக் காரணம், அதிலுள்ள ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை மூடியிருப்பதுதான். பார்மிக் அமிலம் ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கட்டியாகிவிடும். ஆல்கஹால் ஊற்றினாலும் உறையும். அமிலத்தின் வழி வேறு, ஆல்கஹாலின் வழி வேறு. ஆனால் அந்த இரண்டாவது வழிதான் நம் கையிலுள்ள பாக்டீரியாவுக்கும் எமன். பாக்டீரியாவைச் சுற்றியும் ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. ஆல்கஹால் அதைக் குலைத்து உள்ளே புகுகிறது. உள்ளே ஒழுங்காக மடிந்திருக்கும் புரதங்கள் மடிப்புக் கலைந்து திரள்கின்றன. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது அல்லவா, அதே கதைதான்.

அப்படியென்றால் தண்ணீரே கலக்காத ஆல்கஹால் இன்னும் நன்றாகக் கொல்லுமே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. புரதம் மடிப்புக் கலைவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத ஆல்கஹால் செல்லை வறள வைக்கிறதே தவிர, புரதத்தை அவ்வளவு வேகமாகச் சிதைப்பதில்லை. போதாக்குறைக்கு, வேலை முடியுமுன் ஆவியாகியும் விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் தந்த செய்முறையில் எத்தனால் 80 விழுக்காடு. ஐசோபுரோபனால் என்றால் 75. 60-க்குக் கீழே போனால் பலன் சட்டென்று குறையும்.

இனி, யாரைக் கொல்கிறது? 1938-இல் பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் தோலின் பாக்டீரியாவை இரண்டாகப் பிரித்தார்: குடியிருப்பவை, வந்து போகிறவை. கோழியை அறுத்த கையிலுள்ள சால்மொனெல்லா, கழிப்பறையிலிருந்து ஒட்டி வரும் ஈ.கோலை எல்லாம் வந்து போகிறவை. மேலாகவே கிடப்பதால் ஆல்கஹாலுக்கு எளிதில் சிக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற குடியிருப்புக்காரர்கள் உள்ளங்கையின் செத்த தோல் செதில்களுக்கு அடியிலும், நக இடுக்கிலும், புறங்கை மயிர்க்கால்களிலும் தங்கியிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் மடிவார்கள். அடியில் தப்பியவர்கள் சில மணி நேரத்திலேயே மீண்டும் பெருகத் தொடங்குவார்கள். அதனால், 'நல்ல கிருமி எல்லாம் அழிந்துவிடும்' என்ற பயம் எனக்குப் பெரிதாக இல்லை. தோல் காய்ந்து வெடிப்பதுதான் கவலை. வெடிப்பில் நோய் தரும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எளிதாகக் குடியேறும். கைத்தூய்மியில் கிளிசரின் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான்.

போத்தலில் எழுதியிருக்கும் 99.9 விழுக்காட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சம் கிருமி இருந்தால் ஆயிரம் மிஞ்சும். அதுவும் சோதனைக்கூடத்துக் கணக்கு. தோட்டத்துக் கையில் மண்ணும் எண்ணெயும் கிருமியைப் போர்த்தியிருக்கும், ஆல்கஹால் அதைச் சரியாகத் தொட முடியாது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் கெட்டியான ஓடு போட்ட வித்துகளாக உறங்குகின்றன; இழுப்பிசிவு நோய் தரும் டெட்டனஸ் கிருமி அவற்றில் ஒன்று. வித்துக்கு ஆல்கஹால் ஒரு பொருட்டே இல்லை. சவர்க்காரம் கிருமியை, வித்தை, எண்ணெயை எல்லாம் தோலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. கொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றும் அந்தக் கடையில் பார்க்கிறேன். சிலர் குழாயடியில் கையை அலசிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கைத்தூய்மியை அழுத்துகிறார்கள். கையிலுள்ள தண்ணீரே 70 விழுக்காட்டு ஆல்கஹாலை 40-க்கு இறக்கிவிடலாம். கையை முதலில் துடைத்துவிட்டு, உள்ளங்கை நிறைய எடுத்து, நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் என்று தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 விநாடி பிடிக்கும். நான் பார்த்தவரை, ரொட்டி மேசைக்கு வருமுன் அந்த 20 விநாடியைக் கொடுக்கிறவர்கள் குறைவு.