பின்னால் சாய்ந்த ரோட் ரன்னரை நிமிர்த்துவது எப்படி?

1968-ஆம் ஆண்டு பிளிமத் ரோட் ரன்னர் கார் ஒன்றைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள். வலது டயருக்கும் அதன் மேலுள்ள தகட்டு விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறது. இடப்பக்கம் இரண்டரை விரல்தான். அமெரிக்காவில் அறுபதுகளின் 'மசில் கார்'களை, அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்களைப் பேணி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பார்த்ததும் பலர் இடது பின் ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்கலாம் என்பது என் கட்சி. பின்னால் தெரிகிற சாய்வின் காரணம் முன்னால் ஒளிந்திருக்கலாம்.

முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது. நான்கு கால் வந்துவிட்டால் ஒரு கால் குட்டையானாலும் தொல்லைதான். கார் நான்கு ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் விறைப்பான ஒரு பெட்டி. இடது முன்பக்கம் இறங்கினால் பெட்டி முழுவதும் இடப்பக்கம் சரியும். இடது பின்பக்கமும் கூடவே தாழும். பின்னால் நின்று பார்க்கிறவருக்கு இடது பின் ஸ்பிரிங் தளர்ந்தது போலத்தான் தெரியும்.

ரோட் ரன்னரில் இது நடக்க வாய்ப்பு அதிகம். பிளிமத் கார்களைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனம் 1957 மாடல்களிலிருந்தே முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு முறுக்குக் கம்பிகளுக்கு மாறியது. பக்கத்துக்கு ஒன்றாக, சுமார் ஒரு மீட்டர் நீளமும் இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனும் கொண்ட எஃகுக் கம்பி காரின் நீளவாட்டில் படுத்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற பாகத்தில் உள்ள ஒரு போல்ட்டைத் திருகினால் அந்த மூலையின் உயரம் மாறும். கம்பியின் விறைப்பு மாறாது. அரை நூற்றாண்டில் எத்தனை பேர் அந்தப் போல்ட்டைத் திருகியிருப்பார்கள்! ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறையத் திருகி விட்டிருந்தாலே பின்பக்கம் சாய்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: காரையே முக்காலி ஆக்கிவிட வேண்டும். முதலில் நான்கு டயர்களும் சரியான அளவா, காற்று சமமா என்று பார்த்துவிடுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்து, முன்சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும் வரை தூக்குங்கள். கார் அடியில் மட்டும் யாரும் போகக் கூடாது. இப்போது முன்பக்கத்துக்கு ஒரே கால். அதனால் முன்பக்கத்தால் பெட்டியை இடமாகவோ வலமாகவோ சாய்க்க முடியாது. பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் நாலைந்து முறை அமுக்கி விட்டுவிட்டு அளந்து பாருங்கள். சாய்வு மறைந்துவிட்டால் குற்றவாளி முன்பக்கம். மறையவில்லை என்றால் பின் ஸ்பிரிங்குகளைச் சந்தேகப்படலாம். தகட்டு விளிம்பிலிருந்து அளக்காமல், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சில் குழாய்க்கும் அதற்கு நேர் மேலே உள்ள சட்டத்துக்கும் இடையே அளப்பது நல்லது. அந்தக் காலத் தகடுகளே இரண்டு பக்கமும் ஒரே அளவில் பொருந்தியிருக்காது.

இந்தச் சோதனையைச் செய்யாமல், தாழ்ந்த பின்மூலையை மட்டும் தூக்கி நிறுத்தினால் என்ன ஆகும்? பார்வைக்குக் கார் நேராகிவிடும். ஆனால் ஒரு மூலைவிட்டத்துச் சக்கரங்கள் இரண்டும் அதிக எடையைச் சுமக்கும், மற்ற இரண்டும் குறைவாகச் சுமக்கும். பிரேக்கைப் பலமாக அழுத்தினால் எடை குறைந்த சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். சாய்ந்த காரை விட இது ஆபத்து.

சரி, பழுது பின்னால்தான் என்று உறுதியாகிவிட்டது. அங்கே இருப்பது நம் ஊர் லாரிகளில் பார்க்கும் அதே பட்டை ஸ்பிரிங்: வில்லாக வளைத்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. பழசாகித் தாழ்ந்த ஸ்பிரிங் 'மென்மையாகிவிட்டது' என்று சொல்வார்கள். பட்டை உடையாத வரை அது உண்மையில்லை. எஃகின் விறைப்பு ஐம்பது வருடத்தில் மாறிவிடாது. குறைவது வில்லின் வளைவு. தொடர்ந்த சுமையில் எஃகு மிக மெல்ல நிரந்தரமாக நிமிர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். தனியாக ஒருவர் ஓட்டிப் போன அத்தனை பயணங்களின் சுமையும் இடப்பக்கத்துக் கணக்கில்தான் கூடுதலாக ஏறியிருக்கும்.

சாய்வு பழுதாக இல்லாத ஒரு விதிவிலக்கும் உண்டு. இந்தக் கார்களில் என்னை வியக்க வைப்பதும் அதுதான். ரோட் ரன்னரில் கிடைத்த மிகப் பலமான 426 ஹெமி எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 664 நியூட்டன் மீட்டர். நான்கு கியர் பெட்டியின் முதல் கியர் அதை ஏறக்குறைய 2.65 மடங்காக்கும். ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையின் நுனியில் 180 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ, அவ்வளவு முறுக்கு நடுத்தண்டு வழியாகப் பின் ஆக்சிலுக்கு வந்து சேரும். பின்னாலிருந்து பார்த்தால் தண்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது ஆக்சிலின் இடப்பக்கத்தைத் தரையில் அமுக்கி, வலப்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். வலது டயர் பிடி இழந்து வெறுமனே சுழலும். இதற்காகவே டிராக் ரேஸ் எனும் குறுகிய நேர்கோட்டுப் பந்தயத்துக்கென்று கிரைஸ்லர் விற்ற 'சூப்பர் ஸ்டாக்' ஸ்பிரிங்குகளில் இடதும் வலதும் வேறு வேறு. நிற்கும்போதே கார் வலப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். வலது டயரை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட காரை 'நேராக்கினால்' பொறியாளர்கள் யோசித்து வைத்ததைக் கலைத்ததாகத்தான் ஆகும். ஸ்பிரிங்கில் உள்ள பாக எண்ணைத் துடைத்துப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

தளர்ந்தது சாதாரண ஸ்பிரிங்தான் என்றால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. பழையதை அழுத்தி வளைவு ஏற்றலாம், ஆனால் நாளடைவில் திரும்பவும் இறங்க வாய்ப்பு உண்டு. காற்று நிரப்பும் ஷாக் அப்சார்பரைப் பலர் நாடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே குழாய் என்றால் இரண்டு பக்கமும் காற்றழுத்தம் ஒன்றாகவே இருக்கும். கார் உயரும், சாய்வு போகாது.

அப்புறம், புது ஸ்பிரிங் போடுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று. ஸ்பிரிங்கின் முன் நுனியில் உள்ள வளையத்தில் ('கண்') ரப்பர் புஷ் எனும் உறை இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அதன் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிவிடும். காரை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்காது. அதனால் போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டுவிட்டு, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, அமுக்கிவிட்ட பிறகே இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சிலைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கி, அதே இடத்தில் டேப்பை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.