எனாமல் டயலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

பொங்கலுக்குப் பிறகு என்னிடம் பழுதுபார்க்க வந்ததில் இது மூன்றாவது. மூன்றும் பழைய பாக்கெட் கடிகாரங்கள். மூன்றிலும் வெள்ளை எனாமல் டயல். மூன்றையும் கெடுத்தவை இப்போதுதான் தொழில் பழகும் இளம் கைகள். போன வாரம் வந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொண்டுவந்த தம்பிக்கு 22 வயது. அவருடைய கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்று சொல்லப்படும் குடும்பங்களில் இப்படி வந்த கடிகாரங்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்று, அவ்வளவுதான் குறை. தம்பி ஐந்து மாதமாக ஒரு பட்டறையில் அலங்காரக் கடிகாரப் பயிற்சி பெறுகிறார். அங்கே சொன்னபடி ஹார்டுவேர் கடையில் வெள்ளை எனாமல் வாங்கி, விரிசலின் மேல் பூசி, கேக் சுடும் ஓவனில் வைத்திருக்கிறார். பூச்சு பழுத்துப்போனது. பிளேடால் சுரண்டினார். விரிசலின் ஓரம் பெயர்ந்து அடியில் இருக்கும் செம்பு தெரிகிறது. ஆறில் பாதி இல்லை.

"எனாமல் டயலுக்கு எனாமல்தானே அக்கா அடிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கோபம் அவர் மேல் இல்லை, சொல்லிக்கொடுத்தவர் மேல்.

நம் ஊரில் எனாமல் என்றால் வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் பளபளப்பான பெயின்ட். காய்ந்ததும் கண்ணாடிபோல மின்னுவதால் அந்தப் பெயரை அது இரவல் வாங்கிக்கொண்டது. டப்பாவில் இருப்பது பிசினும் நிறமியும் கரைப்பானும். கரைப்பான் ஆவியாகும், பிசின் காற்றுப்பட்டு இறுகும். கடிகார டயலில் இருக்கும் எனாமலோ கண்ணாடியேதான். உலோக ஆக்சைடுகளால் நிறம் ஏற்றிய கண்ணாடியை மாவாக அரைத்து, செம்பு, வெள்ளி அல்லது தங்கத் தகட்டின் மேல் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளைக்குள் வைத்தால் அது உருகித் தகட்டைப் பற்றிக்கொள்ளும். பெயின்ட் காய்வதால் இறுகுகிறது. எனாமல் உருகி ஆறுவதால் இறுகுகிறது. கேக் ஓவனின் 250 டிகிரியில் பெயின்ட் கருகும், கண்ணாடி அசைந்துகூடக் கொடுக்காது.

1630 வாக்கில் பிரான்சில் ழான் தூத்தேன் என்ற கைவினைஞர் வெள்ளை எனாமலின் மேல் எனாமல் நிறங்களாலேயே நுண்ணோவியம் தீட்டிச் சுடும் முறையைக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டின் கடிகாரக் கூடுகளில் உள்ள சிவப்பும் நீலமும் இன்றும் அருங்காட்சியகங்களில் மங்காமல் இருக்கின்றன. கடற்காற்று அடிக்கும் நம் தெருவில் கேட்டுக்கு அடித்த பெயின்ட் எத்தனை வருடம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் பூசலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். விரிசலுக்குள் இறங்கிய பெயின்ட் முழுதாக வெளியே வராது. பிறகு உண்மையான சூளையில் வைத்தாலும் அது கரியாகும், புகையும், கண்ணாடியில் குமிழி எழுப்பும். விரிசலோடு வந்திருந்தால் டயலைச் சுத்தம் செய்து, கோடு கண்ணில் படாத அளவுக்கு மங்கச் செய்திருப்பேன். பெயின்ட் அடித்துக் கொண்டுவந்ததற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதன் இன்னொரு கிளை பித்தளை டயல். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் பழைய கடிகாரங்களுக்கு இப்போது மவுசு. 'உங்கள் எச்.எம்.டி. டயலுக்கு எனாமல் போட்டுத் தருகிறோம்' என்று இளைஞர்கள் ஆர்டர் பிடிக்கிறார்கள். கைக்கடிகார டயல்கள் பெரும்பாலும் பித்தளை. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. எனாமல் உருகும் சூட்டில் அது ஆவி விட்டுக் கண்ணாடியைக் கொப்பளிக்க வைக்கும். ஆகவே அவர்கள் போட்டுத் தருவது எபாக்சி பிசின். வியாபாரத்தில் அதற்குக் 'கோல்ட் (cold) எனாமல்' என்று பெயர், சூளையில் வைக்காமல் குளிர்ந்தபடியே இறுகுவதால். 'கோல்ட்' என்றால் தங்கம் என்று எண்ணிக் கூடுதலாகப் பணம் கொடுத்த ஒருவர் என்னிடமே வந்திருக்கிறார். எபாக்சியில் வேலை செய்வது குற்றமில்லை, அதிலும் அழகான வேலை உண்டு. பெயரைச் சரியாகச் சொல்லி விற்கச் சொல்கிறேன்.

பயிற்சி என்ற பேரில் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மூன்று மாதப் பயிற்சி, முதல் வாரத்திலேயே சூளை, இரண்டாம் மாதம் வாடிக்கையாளரின் கடிகாரம். இது அடுக்காது. என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் நெருப்பைத் தொடுவதில்லை. எனாமல் பொடியை அகேட் கல்வத்தில் அரைத்து, வாலை வடிநீரில் கழுவுவார்கள். மேலே நிற்கும் கலங்கலைக் கொட்டி மறுபடியும் கழுவ வேண்டும். கலங்கலோடு சுட்டால் ஊடுருவித் தெரிய வேண்டிய நீலம் பால் கலந்ததுபோல நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாதிரித் தகடு: செம்பின் மேல் ஒன்று, வெள்ளியின் மேல் ஒன்று, எத்தனை டிகிரி, எத்தனை விநாடி என்று பின்னால் குறித்து வைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொடி காய்வதற்கே நேரம் பிடிக்கும். ஈரம் துளி இருந்தாலும் சூளையில் நீராவி எழுந்து பூச்சைத் தூக்கி எறியும். இதைப் புத்தகம் சொல்லும், கைக்கு வர ஒரு மழைக்காலம் முழுவதும் வேண்டும்.

டயலின் முதுகிலும் எனாமல் போட்டாக வேண்டும் என்பது ஐந்து மாதம் பயின்ற அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆறும்போது உலோகம் ஓர் அளவு சுருங்கும், கண்ணாடி இன்னோர் அளவு சுருங்கும். முதுகில் எதிர்ப்பூச்சு இல்லாவிட்டால் தகடு வளைந்து முகத்தில் விரிசல் விழும்.

கடிகாரத்தின் உள்ளேயும் அவர்களுக்குப் பழக்கம் வேண்டும். எனாமல் டயல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், பித்தளை டயலைவிட நன்றாகவே கனம். முட்கள் ஏறும் அச்சின் உயரம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் எத்தனை அழகான டயலும் பெட்டியில் கிடக்க வேண்டியதுதான். டயலின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பிடிக்கும் திருகுகளை அரைச் சுற்று அதிகமாக முடுக்கினால் டயலில் விரிசல் விழும். முட்களைக் கழற்றும்போது நெம்புகோலை வெறும் டயலின் மேல் ஊன்றாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளை அடியில் வையுங்கள். விரிசல் உள்ள டயலை, ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசானிக் தொட்டியில் போடவே போடாதீர்கள். எண்கள் சுட்டவையாக இருந்தாலும் கம்பெனிப் பெயர் சில டயல்களில் சுடாமல் எழுதியதாக இருக்கும். துடைத்தால் போய்விடும். முதலில் லூப் எனும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

உயிர் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் கடுமையாகவே பேசுவேன்.

வண்டியில் ஒட்டும் பளபளப்பு ஸ்டிக்கரை நாம் ரேடியம் என்கிறோம். அதில் ரேடியம் கிடையாது. ஆனால் 1960-களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் டயல்கள் பலவற்றில் இருப்பது உண்மையான ரேடியம். ஸ்டிக்கர் பழக்கத்தில் 'ரேடியம்தானே' என்று பிள்ளைகள் ஊசியால் சுரண்டி, ஊதித் தள்ளுகிறார்கள். ஒளிராததால் வீரியம் போய்விட்டது என்று எண்ணுவதும் தவறு. தேய்ந்தது ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தூரிகை முனையை உதட்டில் கூராக்கி டயல்களுக்கு இந்தப் பூச்சைப் பூசிய பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. சுரண்டாதீர்கள். மூடிய பையில் போட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். எந்தத் தூரிகையையும் வாயில் வைக்காதீர்கள், எனாமல் தூரிகையையும்தான். பழைய எனாமல்களில் ஈயம் உண்டு, சில சிவப்பு மஞ்சள்களில் காட்மியம் உண்டு.

ஒரு பட்டறையில் பழைய எனாமலை அகற்ற ஹைட்ரோபுளோரிக் அமிலம் கொடுத்து, பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு 19 வயது. கையுறைக்குள் ஒரு துளி போயிருக்கிறது. அப்போது வலிக்கவில்லை, இரவில்தான் துடித்திருக்கிறார். அந்த அமிலம் தோலின் வழியே இறங்கி உள்ளே இருக்கும் கால்சியத்தைப் பிடிக்கும். அதிகம் பட்டால் இதயமே நிற்கலாம். விரல் பிழைத்தது, நகம் போயிற்று. பட்ட உடனே நீரில் நெடுநேரம் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த ஜெல் இல்லாத பட்டறையில் அந்த அமிலம் இருக்கவே கூடாது. பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் எந்தப் பட்டறையிலும் அதைக் கொடுக்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த பொடியைச் சலிக்கும்போது சரியான முகக்கவசம் போடுங்கள். கைக்குட்டை போதாது, கண்ணாடித் தூசி நுரையீரலை விட்டு வெளியே வராது. அரைப்பதையும் தேய்ப்பதையும் தண்ணீரில் செய்யுங்கள். சூளைக்குள் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள். அந்த வெப்பத்தை வருடக்கணக்கில் பார்த்தால் கண்புரை வரும். பெட்ரோலில் பாகம் கழுவும் மேசையும் சூளையும் ஒரே அறையில் இருந்தால் அன்றைக்கே அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள்.

பெற்றோர்களே, பையன் இன்னும் ஒரு டயல்கூடச் செய்யவில்லையே என்று தயவுசெய்து அவசரப்படாதீர்கள். குவார்ட்ஸ் கடிகாரம் வந்த பிறகு 1970-களில் சுவிட்சர்லாந்திலேயே இந்தக் கலை அணைந்துபோகும் நிலைக்கு வந்தது. சுசான் ரோர் போன்ற சிலர் விடாமல் செய்து, அடுத்தவருக்குக் கைமாற்றினார்கள். அவரிடம் கற்ற அனிதா போர்ஷேயும் அவரும் 2017-ல் ஜெனீவாவின் பெரிய கடிகார விருது விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைச் சேர்ந்து பெற்றார்கள். பத்தர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த நுணுக்கத்துக்கான விரல்கள் இருக்கின்றன என்று நான் மனதார நம்புகிறேன். கற்றுக்கொடுக்கும் இடத்தில் மாதிரித் தகடுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் பிள்ளையையும் விடாதீர்கள், தாத்தாவின் கடிகாரத்தையும் கொடுக்காதீர்கள்.

அந்தத் தம்பி பழைய பட்டறைக்குத் திரும்பவில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் பொடி கழுவுகிறார். கொள்ளுத்தாத்தாவின் டயலை வெண்ணெய்த் தாளில் சுற்றி அவர் மேசையிலேயே வைத்திருக்கிறோம். இன்று காலை தண்ணீர் தெளிந்துவிட்டது என்று குவளையைக் கொண்டுவந்து காட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் கலங்கல் இருந்தது. மறுபடியும் கழுவச் சொன்னேன்.