பசியாத்த கிளம்பறவங்க முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க

நான் டயட்டீஷியன். ஆஸ்பத்திரி வேலை போக, பசிச்சவங்களுக்கு சாப்பாடு போடணும்னு கிளம்பற குழுக்களோட சேர்ந்து மெனு பாக்கறது, கிச்சன் ஒழுங்கு பண்றதுன்னு கொஞ்ச வருஷமா ஓடிட்டு இருக்கேன். வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது பணம் எப்படி திரட்டறது, எத்தனை பேருக்கு போடலாம், இந்த ரெண்டுதான். சமைச்சு இறக்கற நேரத்துக்கும் தட்டுல விழற நேரத்துக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

அடுத்து ஒரு ஐடியா சொல்வாங்க, "அவ்ளோ சாப்பாடு வீணாகுதே, அதை வாங்கிக் குடுத்தாலே போதுமே மேடம்". வீணாகறது நிஜம்தான், 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் வீணாச்சுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட கணக்கு சொல்லுது. ஆனா அதுல 60 சதவீதம் வீடுகள்ல வீணாகறது, யாரு எப்போ சமைச்சது, எவ்ளோ நேரம் வெளிய கிடந்துச்சுன்னு நமக்கு எதுவும் தெரியாது. பிரிக்காத பாக்கெட், காய், பழம், இதெல்லாம் தாராளமா வாங்கிக்கோங்க. சமைச்ச மிச்சம்னா எனக்கு கை நடுங்கும்.

ஒரு குழுவுல நடந்தது சொல்றேன். காலைல ஆறரை மணிக்கு போறேன், முந்தின ராத்திரி பத்து மணிக்கு இறக்கின குழம்பு, பெரிய அண்டால இறுக்க மூடி, சூடு போகக்கூடாதுன்னு மேல துணி வேற சுத்தி வச்சிருக்காங்க. ஓரத்துல தெர்மாமீட்டர் விட்டா 30 டிகிரி, நடுவுல விட்டா 43. பொறுப்பா இருந்த தம்பி சந்தோஷமா "இன்னும் சூடா இருக்கு மேடம்"னு சொல்றாரு. அந்தச் சூடுதான் பிரச்சனையே! பெர்ஃபிரிஞ்சன்ஸ்னு ஒரு கிருமி இருக்கு, அதோட விதை மாதிரி இருக்கற ஸ்போர் கொதிக்க வச்சாலும் சாகாது, அப்புறம் சூடு இறங்கி 43, 45 டிகிரிக்கு வரும்போது முளைச்சு பத்து நிமிஷத்துக்கும் குறைவுல ரெண்டு மடங்காகும், அதுக்கு காத்து இல்லாத இடம்தான் பிடிக்கும், கொதிச்சு காத்து போன அண்டாவோட அடி அதுக்கு மாமியார் வீட்டு விருந்து. வாசனை மாறாது, ருசி மாறாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துல இருந்து ஒரு நாளுக்குள்ள வயித்தைப் பிடிச்சுட்டு ஓடுவாங்க, ஏற்கனவே உடம்புல தெம்பு இல்லாதவங்களுக்கு அந்த ஒரு நாள் பேதியே போதும் ஆளை சாய்க்க. அன்னிக்கு அத்தனையும் கொட்டினோம். அந்தத் தம்பி மூஞ்சியை என்னால பாக்க முடியல.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது, அன்னன்னிக்கு சமைங்க, 60 டிகிரிக்கு மேலயே வச்சு பரிமாறுங்க, மிச்சம் விழாத அளவுக்கு கம்மியா ஆரம்பிங்க. எடுத்து வச்சே ஆகணும்னா ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு மேல போகாம அகலமான தட்டுகள்ல பிரிச்சு ஊத்துங்க, ரெண்டு மணி நேரத்துல 21 டிகிரிக்கு இறங்கணும், அடுத்த நாலு மணி நேரத்துல 5 டிகிரிக்கு. வெளிய கிடந்த சோறை மறுபடி சூடு பண்ணி சரிபண்ணிடலாம்னு நினைக்காதீங்க, அதுல வேற ஒரு கிருமி விடற விஷம் சூட்டுல அழியாது. அப்புறம், வாந்தி பேதி வந்த வாலன்டியர் அது நின்னு 48 மணி நேரம் ஆகாம கிச்சன் பக்கமே வரக்கூடாது, எவ்ளோ பெரிய மனுஷனா இருந்தாலும்.

நேரம் இன்னொரு விஷயம். ஒரு மணிக்கு சாப்பாடுன்னு சொல்லிட்டு ரெண்டரைக்கு வண்டி வந்தா நமக்கு அது டிராஃபிக், வரிசைல நிக்கறவங்கள்ல சுகர் மாத்திரை போட்டுட்டு வந்தவங்க இருப்பாங்க. ஒரு அம்மா, வேர்த்துக் கொட்டுது, கை ஆடுது, கேட்டதுக்கு தப்புத்தப்பா பதில் சொல்றாங்க, பக்கத்துல இருந்தவங்க குடிச்சிருக்காங்கன்னு ஒதுங்கிட்டாங்க. சுகர் இறங்கிப் போச்சு, அவ்ளோதான். தண்ணில சர்க்கரை கலந்து குடுத்தோம், பதினஞ்சு நிமிஷத்துல நிமிர்ந்து உக்காந்து "சாப்பாடு வந்துருச்சா"ன்னு கேட்டாங்க. அதுல இருந்து நான் போற எல்லா இடத்துலயும் சர்க்கரை டப்பா ஒண்ணு வண்டிக்கு முன்னாடியே போயிடும். வண்டி லேட்டாகும்னா போன் பண்ணி அங்க நிக்கறவங்களுக்கு சொல்லணும், இது மரியாதை மட்டும் இல்ல.

அஞ்சு நாளைக்கு மேல கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடாம எலும்பும் தோலுமா ஒருத்தர் வந்தா பாவம்னு தட்டு நிறைய போட்டுடாதீங்க. காஞ்சு கிடந்த உடம்புல திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் ஏறும், ரத்தத்துல இருக்கற பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடிடும், இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பட்டினில இருந்து மீண்ட கைதிகள் சாப்பிட ஆரம்பிச்சதும் செத்தப்போதான் டாக்டருங்க இதை தெளிவா கவனிச்சாங்க. கொஞ்சமா குடுத்து, கூடவே ஆள் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

போட்டோ பத்தி சண்டை போட்டு அலுத்துட்டேன். அண்டாவை எடுங்க, ஆளை எடுக்காதீங்க.

அந்தத் தம்பி இப்போ பாக்கெட்ல பேனா மாதிரி தெர்மாமீட்டர் வச்சிருக்காரு. போன வாரம் ஒருத்தர் ஆசையா கார் டிக்கில ரெண்டு பாத்திரம் கொண்டு வந்தாரு, குத்திப் பாத்துட்டு 38னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாராம், அவரு கோச்சுக்கிட்டு போயிட்டாராம்.