11வது மாடில முளைச்ச காட்டு ஆர்க்கிட்

"லண்டன்ல ஏதோ பேங்க் மொட்டை மாடில காட்டு ஆர்க்கிட் முளைச்சுதாமே, யாரும் நடாம எப்படிங்க வரும்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதாங்க. 2021ல நோமுரா பேங்க் கட்டிடத்தோட 11வது மாடி தோட்டத்துல செராப்பியாஸ் பார்விஃப்ளோராங்கிற ஆர்க்கிட் 15 செடி இருந்துச்சு. மத்தியதரைக் கடல் பக்கத்து செடி. பிரிட்டன்ல அதுக்கு முன்னாடி 1989ல கார்ன்வால்ல பாத்தாங்க, அப்புறம் அங்கயும் காணாம போச்சு.

விதை காத்துல வந்திருக்கலாம், மண்ணோட வந்திருக்கலாம். வந்து சேர்றது பெரிய விஷயமில்ல. நல்ல வெனிலா ஐஸ்க்ரீம்ல கருப்பு கருப்பா புள்ளி இருக்கும்ல, அது ஆர்க்கிட் விதைதான், வெனிலாவும் ஒரு ஆர்க்கிட்தான். மத்த ஆர்க்கிட் விதையெல்லாம் பெரும்பாலும் வெறும் தூசு, ஊதினா பறந்துடும்.

ஏன் அவ்ளோ லேசுன்னா, உள்ள சாப்பாடு இல்ல. நெல்லுல அரிசி, தேங்காய்ல பருப்பு, இதெல்லாம் முளை தன் கால்ல நிக்கிற வரைக்கும் அம்மா கட்டிக்குடுத்த கட்டுச்சோறு. ஆர்க்கிட் அதைக் குடுக்காமலே பிள்ளைய அனுப்பிடுது. அப்ப எப்படி முளைக்கும்? மண்ணுல இருக்கிற பூஞ்சையோட இழை விதைக்குள்ள நுழையும், நுழைஞ்சு செல்லுக்குள்ள நூல்கண்டு மாதிரி சுருண்டுக்கும், பாத்தா விதை அழுகிப்போற கதைனுதான் தோணும், ஆனா அந்த நூல்கண்டை விதை செரிச்சு தின்னுடும்! சர்க்கரை, நைட்ரஜன் எல்லாமே அதுலருந்துதான். இலை இல்லாம, பச்சை இல்லாம, ஒரு குட்டி உருண்டையா மண்ணுக்கடியில தின்னுட்டே வளரும், சில இனங்கள் இப்படியே வருஷக்கணக்குல. 1899ல நோயல் பெர்னார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பறவைக்கூடு ஆர்க்கிட் விதைல இதைக் கண்டுபிடிச்சார்.

அதனால லண்டன் மாடில எனக்கு ஆச்சரியம் பூ இல்ல, அந்த மண்ணுல ஒத்துவர்ற பூஞ்சை இருந்ததுதான். எங்கயாவது புதுசா ஒரு ஆர்க்கிட் பதிவானா பூவை அளக்குறோம், செடியைக் காயவெச்சு தாள்ல ஒட்டி ஹெர்பேரியம் ஷீட் போடுறோம், சரி, ஆனா வேர்ல எந்தப் பூஞ்சைனு டிஎன்ஏ பாக்கவும் காசு ஒதுக்கணும்ங்கிறது என் கருத்து. அதைப் பாக்காம காட்டுலருந்து தோண்டி வேற இடத்துல நட்டு காப்பாத்துறோம்னு சொல்றது எனக்கு வேதனையா இருக்கு.

சரி, ஒரு விதை முளைச்சாச்சு, ஜோடி இல்லாம 15 ஆகுமா? இந்த இனம் ஆகும். மகரந்தம் தானே உதிர்ந்து அதே பூவோட சூல்முடில விழுந்துடும், தேனீ எதுவும் வரவேண்டியதில்ல.